க்ரூகருக்குப் பதில் குவாசுலு-நட்டால் போகலாமா?

கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவில் பத்து நாள். விலங்கு பார்க்க வேண்டும், மலை பார்க்க வேண்டும், அந்த மண்ணின் மக்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் க்ரூகர் தேசியப் பூங்கா, கேப் டவுன், விக்டோரியா அருவி என்று மூன்று மூலைக்கும் பறக்கச் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு குவாசுலு-நட்டால் என்ற ஒரே மாகாணத்தில் பத்து நாளையும் கழித்தால் நட்டமா?

நட்டமே இல்லை. வேலை நிமித்தம் டர்பனில் நாலரை ஆண்டு இருந்தவன் என்பதால் அந்த மாகாணத்தின் மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் சாய்வைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே காடு தனி, மலை தனி, மனிதர் தனி என்று பிரிக்க முடியாது. காண்டாமிருகம் ஏன் இந்தக் காட்டில் மட்டும் பிழைத்தது என்று விசாரிக்கப் போனால் சுலு அரசர்களின் வேட்டையில் கொண்டுபோய் விடும், அப்புறம் ஒரு ஈயில் கொண்டுபோய் விடும். குகைச் சுவரில் வரைந்திருக்கும் மான், வெளியே வந்தால் அதே சரிவில் மேய்ந்துகொண்டிருக்கும். டர்பனில் ஒரு ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே 1860 இருக்கும்.

முதலில் நில அமைப்பு. கிழக்கே இந்தியப் பெருங்கடல். மேற்கே லெசோத்தோ நாட்டை ஒட்டி 3,000 மீட்டருக்கு மேல் எழும் டிராகன்ஸ்பர்க் மலைச்சுவர். இரண்டுக்கும் இடையே காரில் மூன்று நான்கு மணி நேரம்தான். வடக்கே மொசாம்பிக் பக்கமிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் இறங்கி வருவதால் கரையோரம் முழுக்க பச்சை, பெரும்பாலும் கரும்பு. ஜூலை மாதத்தில் காலையில் கடலில் குளித்துவிட்டு மாலையில் மலையுச்சியில் பனியைப் பார்த்த நாட்கள் எனக்கு உண்டு. 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கரையைக் கடந்த வாஸ்கோ ட காமா, கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லால் இதை நட்டால் என்றார். 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது பழைய நட்டால் மாகாணத்தையும், சுலு மக்களுக்கென்று துண்டு துண்டாக ஒதுக்கி வைத்திருந்த குவாசுலுவையும் சேர்த்து இப்போதைய பெயரை வைத்தார்கள். குவாசுலு என்றால் சுலுக்களின் இடம்.

சரி, விலங்குக்கு வருவோம். நீங்கள் போக வேண்டிய காடு ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி. முதல் பாதியைச் சொல்ல நாக்கு சுளுக்கும். நாக்கின் ஓரமாகக் காற்றை விட்டு 'ஷ்லூஷ்லூவே' என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிக்காமல் ஏற்றுக்கொள்வார்கள். பரப்பு 960 சதுர கிலோமீட்டர், அதாவது க்ரூகரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. சின்னதுதான். ஆனால் க்ரூகரில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளைக் காண்டாமிருகத்துக்கும் பூர்வீகம் இந்தச் சின்னக் காடுதான்.

அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தென்னாப்பிரிக்கா முழுக்கத் திரிந்த வெள்ளைக் காண்டாமிருகத்தை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்தார்கள். நூற்றாண்டு முடியும்போது கறுப்பு இம்ஃபொலோசி, வெள்ளை இம்ஃபொலோசி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நூற்றுக்கும் குறைவானவை மட்டும் மிஞ்சின. ஏன் அங்கே மட்டும்? ஒரு காரணம், அது சுலு அரசர்களின் வேட்டைக்காடு. ஆறுகள் கூடும் இடத்தில் ஷாகா மன்னர் காலத்து வேட்டைக்குழிகள் இருந்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள். இன்னொரு காரணம் செட்சி ஈ. அது கடித்தால் மாட்டுக்கு நகானா என்ற நோய் வந்து செத்துவிடும். மாடு வாழாத இடத்தில் பண்ணையும் வராது. 1895இல் இதைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்புக்காடுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் காட்டைக் காப்பாற்றிய அதே ஈ பின்னால் காட்டுக்கே எமனாக வந்தது. சுற்றி இருந்த பண்ணைக்காரர்களின் மாடுகள் சாகத் தொடங்கியதும், ஈக்குத் தீனி கொடுப்பது காட்டு விலங்குகள்தானே, அவற்றைக் கொன்றுவிட்டால் ஈ ஒழிந்துவிடும் என்று அரசாங்கமே துப்பாக்கியைத் தூக்கியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வரிக்குதிரை, காட்டெருமை, மான் என்று பல்லாயிரக்கணக்கில் சுட்டார்கள். காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கடைசியில் ஈயை ஒழித்தது துப்பாக்கி அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்து தெளித்த டிடிடி மருந்துதான் ஒழித்தது. இத்தனை விலங்குகளும் செத்தது வீண்.

1960களில் நிலைமை மாறியது. காண்டாமிருகம் பெருகி இடம் போதவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு தொற்றுநோயே போதும், மொத்தமும் போய்விடும். இயன் பிளேயர் என்ற வன அதிகாரியும் அவருடைய குழுவும் மயக்க ஊசி போட்டு, மரக் கூண்டில் ஏற்றி, லாரி லாரியாக வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். ஓர் உயிருள்ள காண்டாமிருகத்துக்கு எத்தனை மருந்து தாங்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. செய்து செய்துதான் கற்றார்கள். க்ரூகருக்கு முதலில் போனது 1961இல். இன்று உலகில் இருக்கும் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் எல்லாம் அந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவே மிஞ்சியவற்றின் வாரிசுகள். கைம்மாறாக க்ரூகரிலிருந்து யானைகள் 1980களில் இங்கே வந்தன. சிங்கம் மட்டும் யாரையும் கேட்காமல் வந்தது. 1958இல் மொசாம்பிக் பக்கமிருந்து ஓர் ஆண் சிங்கம் தனியாக நடந்தே வந்து இந்தக் காட்டில் தங்கிவிட்டது. அதற்குத் துணை தேடிக் கொண்டுவந்து விட்டது பிறகு.

வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகையும் இங்கே உண்டு. நிறத்தைப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள். இரண்டுமே சேற்று நிறம்தான். வாயைப் பாருங்கள். வெள்ளைக்கு அகன்ற சதுர வாய், தலையைக் குனிந்து புல் மேயும். கறுப்புக்கு மேலுதடு கொக்கி மாதிரி, முள்செடியை இழுத்துத் தின்னும். சுலு மொழியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், உம்கோம்பே, உபேஜானே. குட்டியோடு இருந்தால் இன்னும் சுலபம். வெள்ளைத் தாய் குட்டியை முன்னால் விட்டு நடக்கும், கறுப்புத் தாயின் குட்டி பின்னால் ஓடிவரும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் ஏமாற வேண்டாம். நீங்கள் பார்க்கும் பல காண்டாமிருகங்களுக்குக் கொம்பு இருக்காது. 2023இல் தென்னாப்பிரிக்கா முழுக்கக் கள்ள வேட்டையில் போனவை 499. அதில் 300க்கு மேல் இந்த ஒரு மாகாணத்தில். அதிலும் பெரும்பகுதி இந்த ஒரே காட்டில். வேறு வழியில்லாமல் 2024இல் பெரிய அளவில் கொம்பை அறுக்கத் தொடங்கினார்கள். கொம்பு நம் நகம் மாதிரியான பொருள்தான், வேரை விட்டு மேலே அறுத்தால் வலிக்காது, திரும்ப வளரும், திரும்பவும் அறுக்க வேண்டும். படத்துக்கு அழகாக இருக்காது என்று ஒரு பயணி முறைப்பாடு செய்ததை நானே கேட்டிருக்கிறேன். உயிரோடு இருப்பதே அழகு என்று வழிகாட்டி பதில் சொன்னார்.

காரில் சுற்றுவது எல்லோரும் செய்வது. இம்ஃபொலோசியின் தெற்குப் பகுதியில் சாலையே கிடையாது. அங்கே துப்பாக்கி ஏந்திய இரண்டு வழிகாட்டிகளோடு நடந்தே போகும் பயணம் 1959இல் தொடங்கியது. இயன் பிளேயரோடு அதை உருவாக்கியவர் மக்குபு ந்டொம்பெலா என்ற சுலு வனக்காவலர். காட்டைப் படிக்கத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று பிளேயர் கடைசிவரை சொன்னார். இந்தப் பயணங்களில் மிக எளிய வகையில் கூடாரம்கூடக் கிடையாது. இரவில் ஒவ்வொருவரும் முறை வைத்துத் தீயருகே காவல் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம், கையில் ஒரு டார்ச். இருட்டில் டார்ச்சை வீசினால் தூரத்தில் இரண்டு கண் மின்னும், அது மானா வேறொன்றா என்று மனம் கணக்குப் போடும். பத்து நாளில் மூன்றையாவது இதற்கு ஒதுக்க முடிந்தால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். உடல் தகுதி இல்லையென்றால், சிறு பிள்ளைகள் கூட இருந்தால், இம்பிலா முகாமில் தங்கிக் காரில் சுற்றினால் போதும். அந்த முகாமுக்கு வேலி கிடையாது. கறி சுட்ட கம்பி வலையைக் கழுவாமல் வெளியே வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் அதைக் கழுதைப்புலி தூக்கிப் போய் நாற்பது அடி தள்ளிப் போட்டிருந்தது, பளபளவென்று.

அங்கிருந்து செயின்ட் லூசியா ஊருக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வாசல். இசிமங்கலிசோ என்றால் அதிசயம். 3,320 சதுர கிலோமீட்டர். 1999இல் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஏரி, சதுப்பு, மணல்மேட்டுக் காடு, பவளப்பாறை எல்லாம் ஒரே வேலிக்குள். ஏரியில் நூற்றுக்கணக்கில் நீர்யானை, முதலை. சூரியன் விழுந்ததும் நீர்யானைகள் புல் தேடி ஊருக்குள் வந்துவிடும். விடுதி வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் புல்தரையை மேயும். இரவுச் சாப்பாட்டுக்கு நடந்து போகிறவர்கள் அதனால் டார்ச் எடுத்துக்கொள்வார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை போனால் இரவில் கடற்கரையில் ஆமைகள். பெருந்தலை ஆமையும், ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்திய பிரம்மாண்டமான தோல்முதுகு ஆமையும் முட்டையிட வருகின்றன. 1960களிலிருந்து இடைவிடாமல் கணக்கெடுக்கிறார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை போனால் கூன்முதுகுத் திமிங்கலம். இரண்டையும் ஒரே பயணத்தில் பிடிப்பது கடினம். சொட்வானா விரிகுடாவுக்கு நீருக்கடியில் மூழ்கத் தெரிந்தவர்கள் மட்டும் போனால் போதும். ஆனால் ஒரு செய்தி: அங்கே 2000ஆம் ஆண்டு நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கியவர்கள், டைனோசருக்கும் மூத்த வம்சத்து மீனான சீலகாந்தை உயிரோடு நேரில் பார்த்தார்கள்.

இதே பூங்காவின் வடகோடியில், மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில் கோசி விரிகுடா. ஏரிகள் கடலோடு கலக்கும் இடத்தில் தோங்கா மக்கள் குச்சிகளை நட்டு வளைந்து வளைந்து போகும் மீன்வேலி கட்டுகிறார்கள். ஓதத்தில் உள்ளே வரும் மீன், வழி தெரியாமல் கடைசிக் கூடையில் போய் மாட்டும். சின்ன மீன் இடுக்கு வழியே தப்பிவிடும். ஒவ்வொரு வேலியும் ஒரு குடும்பத்துச் சொத்து, அப்பனிடமிருந்து மகனுக்கு. மேட்டிலிருந்து பார்த்தால் தண்ணீரில் யாரோ கோலம் போட்ட மாதிரி இருக்கும். குறைந்தது ஏழு நூற்றாண்டுப் பழக்கம் என்கிறார்கள். இதை நான் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பூங்கா என்று வேலி போட்டபோது இந்தக் கரையிலும் செயின்ட் லூசியா ஏரியின் கிழக்குக் கரையிலும் வாழ்ந்த பல குடும்பங்களை வெளியேற்றினார்கள். 1996இல் அந்தக் கிழக்குக் கரை மணல்மேடுகளை டைட்டானியத்துக்காகத் தோண்டும் திட்டத்தை அரசு கைவிட்டபோது உலகமே கைதட்டியது. ஆனால் சுரங்க வேலையும் போய், நிலமும் போனவர்கள் கைதட்டவில்லை. நில உரிமை வழக்குகள், இழப்பீடு, பூங்கா வருமானத்தில் பங்கு என்று அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. வழிகாட்டியை வைத்துக்கொள்வதானால் அந்த ஊர்க்காரர்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

சுலு பண்பாடு பார்க்க வேண்டும் என்று கேட்டால் பயண முகவர்கள் ஒரு 'கலாச்சார கிராமத்தில்' கொண்டுபோய் விடுவார்கள். தோல் உடை, முரசு, ஆட்டம், நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டக்காரர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் அடுத்த பேருந்து வந்ததும் அதே ஆட்டம். அந்த நேரத்தில் உலுந்தி ஊருக்குப் போங்கள். அங்கே செட்ஷ்வாயோ மன்னரின் தலைநகரான ஓந்தினி இருந்தது. 1879 ஜூலை 4ஆம் தேதி பிரிட்டிஷ் படை அதைத் தீ வைத்து எரித்தது. அந்தத் தீயில் களிமண் தரைகள் செங்கல் மாதிரி சுட்டு இறுகிவிட்டன. நூறு ஆண்டு கழித்துத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது ஒவ்வொரு குடிசையின் தரையும் அப்படியே கிடைத்தது. அந்தத் தரைகளின் மேலேயே தேன்கூட்டு வடிவப் புல்வீடுகளை மறுபடி கட்டியிருக்கிறார்கள். அழிக்க வைத்த தீயே அடையாளத்தைக் காத்தது. உள்ளே போகக் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து நுழைய வேண்டும். எந்தப் பெரிய மனிதனும் அப்படித்தான்.

அதே ஆண்டு ஜனவரி 22இல் நடந்தது இசாண்ட்ல்வானா போர். கையில் ஈட்டியும் மாட்டுத்தோல் கேடயமும் வைத்திருந்த சுமார் 20,000 சுலு வீரர்கள், பீரங்கி வைத்திருந்த பிரிட்டிஷ் முகாமைச் சுற்றி வளைத்து 1,300க்கும் மேற்பட்டோரை வீழ்த்தினார்கள். எருமையின் மார்பு, இரண்டு கொம்பு என்று படையைப் பிரித்து வளைக்கும் வியூகம். அன்று பிற்பகல் பாதிச் சூரிய கிரகணம் வேறு. இன்று அங்கே ஒரு பாறைக்குன்று, புல்வெளி, செத்த சிப்பாய்களைப் புதைத்த இடங்களில் வெள்ளையடித்த கல் குவியல்கள். சுலு வீரர்களுக்கு வீரத்துக்கு அளிக்கும் கழுத்தணியின் வடிவத்தில் ஒரு நினைவுச்சின்னம் பிறகுதான் வந்தது. நல்ல வழிகாட்டி கிடைத்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. கிடைக்காவிட்டால் அது வெறும் புல்வெளி. பக்கத்தில் அதே நாளின் இன்னொரு போர்க்களமான ரோர்க்ஸ் டிரிஃப்ட், நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

சாலையோரம் மேயும் மாடுகளையும் கவனியுங்கள். இங்குனி இன மாடுகள், இரண்டு மாடு ஒரே நிறத்தில் இருக்காது. சுலு மொழியில் தோலின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் கோலத்துக்கும் ஒரு பெயர். பாலாடை நிறத்தில் பொடிப் புள்ளி இறைத்திருந்தால் அது வானம்பாடி முட்டை. ஒரு கிழவர் தன் மந்தையை இப்படிப் பெயர் பெயராக அழைப்பதைக் கேட்டு நின்றிருக்கிறேன், ஏதோ கவிதை சொல்வது போலிருந்தது. ஊர்ப்பக்கம் போகும்போது வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. ஒருவரிடம் 'சவுபோனா', பலரிடமோ பெரியவரிடமோ 'சனிபோனானி'. உன்னைப் பார்த்தோம், உங்களைப் பார்த்தோம் என்று பொருள். யாராவது எதையாவது கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். இதைச் செய்தாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

அடுத்து மலை. சுலுவில் உகஹ்லாம்பா, ஈட்டிகளின் அரண். டச்சு வழிவந்த வெள்ளையரான ஆஃப்ரிகானர்களுக்கு அதுவே டிராகன் மலை. வடக்கே ராயல் நட்டால் பூங்காவில் ஆம்பிதியேட்டர் என்ற பாறைச்சுவர் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து துகேலா ஆறு ஐந்து தாவலில் 948 மீட்டர் விழுகிறது. உலகின் இரண்டாவது உயரமான அருவி என்பது வழக்கமான கணக்கு, முதலாவதே இதுதான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. குளிர்காலத்தில் போய்விட்டு 'இவ்வளவுதானா' என்று கேட்காதீர்கள், அப்போது நூல் மாதிரிதான் இருக்கும். கோடையில் தண்ணீர் கொட்டும், ஆனால் மதியம் தாண்டினால் இடி மின்னல் நிச்சயம். காலை ஐந்துக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். உச்சிக்குப் போகும் வழியில் பாறையில் தொங்கும் இரும்பு ஏணிகள் இருக்கின்றன. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் அடிவாரத்திலேயே நடக்கலாம், அதுவும் குறைவில்லை. தெற்கே சானி கணவாய் வழியாக நான்கு சக்கர இயக்க வண்டியில் 2,876 மீட்டர் உயரத்திலுள்ள உச்சிக்கு ஏறினால் லெசோத்தோ. கடவுச்சீட்டை மறக்காதீர்கள், ஏனென்றால் நடுவில் ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கிறீர்கள்.

ஆனால் எனக்கு இந்த மலையென்றால் சான் மக்களின் ஓவியங்கள்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள், பாறை நிழல்களில் பல்லாயிரம் உருவங்களை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காம்பர்க் என்ற இடத்தில் கேம் பாஸ் குகைக்கு ஒன்றரை மணி நேரம் வழிகாட்டியோடு ஏற வேண்டும், தனியாக விடமாட்டார்கள். அங்கே செத்துக்கொண்டிருக்கும் ஓர் ஈலண்ட் மான். தலை தொங்கி, மயிர் சிலிர்த்து, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு. அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன், அவன் கால்களும் அதே மாதிரி பின்னியிருக்கின்றன, பாதத்துக்குப் பதில் குளம்பு. வெகு காலம் இதையெல்லாம் வேட்டைப் படம் என்றே நினைத்தார்கள். டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்தான், இது ஆவேசம் வந்து ஆடும் மருத்துவப் பூசாரியின் படம், மான் சாவதும் அவர் தன்னிலை மறப்பதும் ஒன்றாகக் காட்டப்படுகிறது என்று விளக்கினார். சாமியாடிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ளப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை. காவி மண், கொழுப்பு இவற்றோடு ஈலண்டின் இரத்தத்தையும் குழைத்து வரைந்தார்கள் என்று வாய்மொழிச் செய்தி உண்டு.

சில குகைகளில் குதிரையும் துப்பாக்கியும்கூட வரைந்திருக்கிறார்கள். அதாவது வெள்ளைக்காரர் வந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அவர்களைச் சுட்டும் விரட்டியும் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் அக்கம்பக்கத்து மக்களோடு கலந்துபோனார்கள். ஓவியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் நிறம் பளிச்சென்று படத்தில் விழும் என்று ஒரு காலத்தில் பயணிகள் ஊற்றி ஊற்றியே பல படங்கள் மங்கிவிட்டன. தொடாதீர்கள், மின்னொளி போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

குகையை விட்டு இறங்கும்போது எதிர்ச் சரிவில் உண்மை ஈலண்ட் மந்தை நிற்க வாய்ப்புண்டு. வளர்ந்த ஆண் முக்கால் டன்னுக்கும் மேல் போவதுண்டு, நடந்தால் காலில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். ஜயண்ட்ஸ் காசில் பக்கம் போனால் எலும்பைத் தூக்கிப் போய்ப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் தாடிக் கழுகு. இந்த மலைத்தொடரில் சில நூறு பறவைகளே மிச்சம். குளிர்காலத்தில் ஒரு மறைவிடத்தில் உட்கார்ந்து பார்க்க முன்பதிவு செய்யலாம், மாதக்கணக்கில் முன்னதாகச் செய்ய வேண்டும். கழுகின் தலை நாட்டு மருந்துக்குப் போகிறது, அதை வைத்திருந்தால் வரப்போவது முன்கூட்டியே தெரியுமாம். லாட்டரி எண் உட்பட.

மலையிலிருந்து டர்பன் திரும்பும் வழியில் ஸ்பியோன்கோப் என்ற குன்று. 1900 ஜனவரியில் பிரிட்டிஷாரும் போயர்களும் (ஆஃப்ரிகானர்களுக்கு அன்றைய பெயர்) மோதிய இடம். காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள் காந்தி திரட்டிய இந்திய மருத்துவப் படையினர், ஏறத்தாழ 1,100 பேர், பெரும்பாலும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதுதான் இந்த மாகாணத்தில் நமக்குச் சொந்தமான பக்கம்.

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர், மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. 1913இல் நியூகாசில் சுரங்கத்தில் தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தம் அந்த வரியை எதிர்த்துத்தான். மறு ஆண்டே வரி போனது. இன்று டர்பனில் கடைப் பலகைகளில் மூட்லி, பிள்ளே, நாயுடு, படையாச்சி என்று பெயர்கள் வரும்போது ஒரு மாதிரி இருக்கும். தமிழில் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். மொழி போய்விட்டது, ஆயா, தாத்தா, ஐயோ மிச்சம். ஆனால் மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத் தேவாரம் பாடுகிறார்கள், உச்சரிப்பு பிசகினாலும் ராகம் பிசகாது. தைப்பூசத்துக்குக் காவடி, ஆடியில் கூழ். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாரிட்ஜ் பிரேயர்'. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய விழா ஈஸ்டர் சமயத்தில் நடக்கிறது. தோட்டத்துரை விடுமுறை கொடுத்தது அப்போதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

டர்பனில் ஒரு அரை நாளை இனாண்டாவுக்கு வையுங்கள். காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கே. சில கிலோமீட்டர் தள்ளி ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி. பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆன இயக்கத்தின் முதல் தலைவர் டூபே. மண்டேலா 1994 ஏப்ரல் 27 அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்களித்ததும் அந்தப் பள்ளியில்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி ஐசாயா ஷெம்பே தொடங்கிய சபையின் தலைமையிடம். கிறிஸ்தவமும் சுலு வழிபாடும் கலந்த சபை, சனிக்கிழமை வெள்ளை அங்கியில் வெறுங்காலோடு போகிறவர்கள் அவர்கள்தான். மூவரும் ஒரே காலத்து அண்டை வீட்டார்! 1985 கலவரத்தில் ஃபீனிக்ஸ் எரிக்கப்பட்டது, இப்போது இருப்பது திரும்பக் கட்டியது. அந்தப் பகுதிக்கு உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் போவதே சரி.

நாட்கணக்கு கேட்டால் நான் இப்படிப் போடுவேன்: செயின்ட் லூசியா இரண்டு இரவு, ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி மூன்று, உலுந்தி வழியாக இசாண்ட்ல்வானா பக்கம் ஒன்று, மலையில் இரண்டு, டர்பனில் ஒன்று. கோசி விரிகுடா வேண்டுமென்றால் மலையில் ஒன்றைக் குறைக்க வேண்டும், மனசு வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். புல் காய்ந்து விலங்கு கண்ணில் படும், மழையும் மலேரியா கொசுவும் குறைவு. வடக்கே எல்லையோரம் போவதானால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவது நம் ஊர் மாதிரி இடப்பக்கம். இரவில் மட்டும் ஓட்டாதீர்கள், கிராமச் சாலைகளில் மாடும் ஆடும் நடுரோட்டில் படுத்திருக்கும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், பிள்ளைகளோடு போனால் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

கடைசி நாள் டர்பனில் பன்னி சாவ் சாப்பிடாமல் வராதீர்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் 'பன்னி' அல்ல. பனியா கடை என்பதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். ரொட்டியைக் கால்வாசியாக வெட்டி, நடுவைக் குடைந்து, உள்ளே உருளைக்கிழங்கு போட்ட காரமான குழம்பை ஊற்றி, குடைந்த துண்டை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். முதலில் அந்த மூடியைத் தொட்டுத் தின்ன வேண்டும், பிறகு சுவரைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே போக வேண்டும். கையால்தான். சைவம் என்றால் 'பீன்ஸ் பன்னி' கேளுங்கள், எந்தக் கடையிலும் உண்டு. காரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள்.